எழுத்துத் தெரியாத கல்

பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார் பேப்பரை மேசையில் விரித்து ஓரங்களைக் கையால் நீவிவிட்டார். மடியிலிருந்த சின்னக் கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்து, வைரத்தை எடுத்து, முகம் கீழே இருக்கும்படி அச்செழுத்தின் மேல் கவிழ்த்து வைத்தார். குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"தெரியேல்லை," என்றார்.

அவருடைய மனைவியும் குனிந்து பார்த்தா. "ஓமப்பா, ஒரு எழுத்தும் தெரியேல்லை. கறுப்பும் வெள்ளையுமாய் ஏதோ மினுங்குது, அவ்வளவுதான்."

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆனி மாதம். சோளகக் காற்று யன்னலால் புழுதியைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தந்த தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. அறைக்கதவுக்குப் பின்னால் ஒரு சேலைத் தலைப்புத் தெரிந்தது. அது புவனம், சட்டம்பியாரின் ஒரே மகள்.

கல்லை அனுப்பியவன் ராசநாயகம் என்ற கோப்பாய்ப் பெடியன். சிங்கப்பூரில் வேலை. லீவில் வந்திருந்த அவனுடைய மாமன் கையோடு கொண்டுவந்து கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை அந்த மாமன் திரும்பிக் கொழும்பு ரெயில் கோச்சி ஏறுகிறார். அதற்குள் சட்டம்பியார் கல்லை ஏற்றுக்கொண்டால் தட்டாரிடம் கொடுத்து மோதிரம் கட்டி, தையில் கலியாணம். பிடிக்காவிட்டால் கல் அதே பொட்டலத்தில் மாமனோடு திரும்பிப் போகும். கலியாணப் பேச்சும் அதோடு சரி.

"தம்பி செல்லையா, நீர்தான் சொல்லவேணும். கல்லு எப்பிடி?"

கல்லை நான் வந்தவுடனேயே பார்த்துவிட்டேன். பதினொரு வருடத்தில் என் கைக்கு வந்த சதுரவெட்டுக் கற்களில் அதைவிட நல்லது ஒன்றிருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

இதை எழுதவேண்டுமா என்று இரண்டு கிழமையாக இழுத்துக்கொண்டிருந்தேன். எழுதினால் நோகக்கூடியவர்கள் என்று சிலர் இருந்தார்கள். இப்போது ஒருவரும் இல்லை. நானும் களைத்துப்போனேன். எழுதித் தொலைக்கிறேன்.

முடிச்சுகள்

நான் கொழும்பில் ஒரு நகைக்கடையில் கல் தரம் பிரிக்கிறவனாக இருந்தவன். காலை ஏழு மணி வெளிச்சத்தில் யன்னலோரம் உட்கார்ந்தால் பத்து மணிவரை கல், பிறகு பின்னேரம் மறுபடியும் கல். பதினொரு வருடத்தில் வலது கண்ணில் தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது. டொக்டர் இனிமேல் கல்லைத் தொடாதே என்றார். முதலாளி நல்ல மனிதர், அழுதுகொண்டே அனுப்பிவைத்தார். உரும்பிராய்க்கு வந்து ஐயாவின் புகையிலைத் தோட்டத்தில் நின்றேன்.

தோட்டத்தில் நிற்க விட்டால்தானே. கைலேஞ்சியில் முடிந்துகொண்டு ஒவ்வொருத்தராக வந்தார்கள். "தம்பி, உதை ஒருக்காப் பாரும்." தோடு, மூக்குத்தி, பதக்கம், கொப்பாட்டி காலத்துக் கல், நேற்று வாங்கின கல். எனக்குக் கண் வடியும். அவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

நல்லது என்று சொன்னால் "எங்களுக்குத் தெரியும்" என்று எழும்பிப் போவார்கள். பழுது என்று சொன்னால் நான்தான் பழுது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு மாமி தோட்டைக் கழற்றிக் கொண்டுவந்தா. கண்ணாடிக் கல்லு மாமி என்றேன். தோட்டைத் திரும்பக் காதில் போட்டுக்கொண்டு, "தம்பி, உமக்குக் கண் நல்லாய்ப் பழுதாப் போச்சு" என்று இரக்கப்பட்டுவிட்டுப் போனா. அதன்பிறகு அந்த வீட்டு மோர் எங்களுக்கு வரவில்லை.

ஆனால் ஒன்று. அந்த வருடம் வைகாசி வரைக்கும் நான் ஒருத்தரிடமும் பொய் சொன்னதில்லை. அதை ஒரு பெருமையாக வைத்திருந்தேன்.

கேணியைப் பார்ப்பது

சதுரவெட்டு என்று நான் சொல்வது எங்கள் பெண்கள் போடுகிற தோட்டுக் கல்லைப்போல வட்டமாக இருந்து கண்ணைப் பறிக்கிற வெட்டில்லை. நாலு பக்கமும் சமம், நாலு மூலையும் கொஞ்சம் சீவியிருக்கும். உள்ளே படி படியாக இறங்கும். கோயில் கேணிக் கரையில் நின்று கீழே பார்த்தால் நாலு பக்கத்துப் படியும் சதுரத்துக்குள் சதுரமாக இறங்குமே, அதே மாதிரி. யுத்தத்துக்கு முந்தின அந்த வருடங்களில் வெளிநாட்டில் மோஸ்தராகி, மலாயாக் கடைகளுக்கும் வந்திருந்தது.

இதைப் பார்த்துத் தரம் சொல்வது கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். முதலில் சதுரம் சதுரமா என்று பார்க்கவேண்டும். ஒரு பக்கம் நூலளவு நீண்டால் படிகள் எல்லாம் கோணும். பிறகு மூலைகள். நாலும் ஒரே அளவாகச் சீவியிருக்கவேண்டும். அந்த நாலு மூலையிலிருந்தும் இறங்குகிற கோடுகள் நட்டநடுவில் ஒரு புள்ளியில் சந்திக்கவேண்டும். கல்லை மெல்லச் சரித்தால் ஒரு படி இருண்டு அடுத்த படி வெளிக்கவேண்டும், திருப்பிச் சரித்தால் மாறவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் ஆழம். ஆழம் போதுமாக இருந்தால் மேலே விழுகிற வெளிச்சம் அடியில் பட்டுத் திரும்பி உன் கண்ணுக்கே வரும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது. ஆழத்தைக் குறைத்துவிட்டுப் பரப்பைக் கூட்டினால் கல் பெரிதாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் அடியால் ஓடிவிடும். பிறகு அது வெறும் யன்னல். அந்தப் பக்கம் உள்ளதெல்லாம் இந்தப் பக்கம் தெரியும். விரலில் போட்டால் விரலின் தோல் தெரியும். பேப்பரில் வைத்தால் எழுத்துத் தெரியும்.

எழுத்துத் தெரிந்தால் வெட்டுக் கூடாது. இவ்வளவுதான் சங்கதி. கொழும்பில் கடைக்கு வந்து முதல் கிழமையில் சொல்லித்தருவார்கள்.

ஐயா வாசித்த செய்தி

சட்டம்பியார் வீட்டுக் கதைக்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன்னம் எங்கள் வீட்டுக்கு ஒரு கல் வந்தது. என் தங்கச்சி தையல்நாயகிக்கு.

மாப்பிள்ளை மலாயாவில் ரெயில்வே கிளாக்கர். முன்னம் எங்கள் ஊரில் மோதிரம் அனுப்புகிற வழக்கமே இல்லை. மலாயாக்காரர் கொண்டுவந்த புதுப் பழக்கம். விரல் அளவு தெரியாததால் கல்லை மட்டும் அனுப்புவார்கள், மோதிரத்தை இங்கே பெண் வீட்டார் கட்டுவித்துக்கொள்ளவேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா கொண்டுவந்தார். சாப்பாடெல்லாம் முடிந்து வெற்றிலை போட்டபடி பொட்டலத்தை ஐயாவிடம் நீட்டினார்.

கல் மஞ்சாடிக்கொட்டை அளவில் இருந்தது. ஐயாவுக்கு வாயெல்லாம் பல். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த பேப்பரின் மேல் வைத்தார். கல்லுக்குள்ளால் எழுத்துத் தெரிந்தது.

"இஞ்சை பாருங்கோ, என்ன தெளிவு," என்றார். கல்லை வரி வரியாக நகர்த்தி, கட்டாக்காலி மாடு விட்டவருக்குத் தண்டம் விதித்த செய்தியைச் சத்தமாக வாசித்தார். "கிணத்துத் தண்ணி மாதிரி இருக்கு. ஒரு அழுக்கில்லை. உள்ளாலை வாசிக்கலாம்."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பின்னை என்ன, எங்கடை பெடியன் லேசுப்பட்டவனே."

"செல்லையா, நீயும் பார்."

பார்த்தேன். ஊதினேன், ஆவி படியாமல் உடனே போனது. வைரம்தான், பொய்யில்லை. ஆனால் வெட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் நீளம், படிகள் கோணல், கோடுகள் நடுவில் சந்திக்காமல் ஒன்றையொன்று தாண்டிப் போயின. ஆழமே கிடையாது. பெரிதாகக் காட்டவேண்டுமென்று யாரோ பரப்பி வெட்டியதை, பெரிதாக வேண்டுமென்று யாரோ வாங்கியிருக்கிறான்.

தங்கச்சி குசினி வாசலில் நின்றாள். முப்பது வயது நடந்துகொண்டிருந்தது. முதல் பேச்சு சாதகத்தில் முறிந்தது. இரண்டாவது பேச்சு, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வேலியில் நட்ட ஒரு கதியாலில் தொடங்கிப் பரம்பரை வரைக்கும் பேசியதில் முறிந்தது. ஐயாவை எனக்குத் தெரியும். கல் கூடாது என்று ஒரு சொல் விழுந்தால் அந்த இடத்திலேயே பெரியப்பாவைக் கேள்வி கேட்பார். பெரியப்பாவும் சளைத்தவரில்லை. அரைமணித்தியாலத்தில் கலியாணம் குழம்பிவிடும்.

"நல்ல கல்லு," என்றேன்.

அந்தச் சொல்லோடு போயிருந்தால் பரவாயில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் ஐயா பேப்பரை விரித்து வாசித்துக் காட்டினார். "செல்லையாவும் பாத்துச் சொன்னவன்" என்று ஒவ்வொரு தரமும் சேர்த்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் கோப்பாய், மருதனார்மடம், எங்கள் ஊர் எல்லாவற்றிலும் வைரம் உள்ளவனெல்லாம் பேப்பரும் கையுமாகத் திரிந்தான். எழுத்துத் தெரிந்தால் நல்ல வைரம், தெரியாவிட்டால் மங்கல். அதற்குச் "செல்லையா சொன்ன முறை" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான் சொல்லவே இல்லை. சொல்லாமல் இருந்ததுதான் நான் செய்த வேலை.

இரண்டும் நல்லதுதான்

சட்டம்பியார் வீட்டுக்கு வருகிறேன்.

"கல்லு நல்லது, சட்டம்பியார்," என்றேன்.

"எழுத்துத் தெரியேல்லையே."

"சில வெட்டு அப்பிடி."

"உம்மடை தங்கச்சியின்ரை கல்லிலை வடிவாய்த் தெரிஞ்சுதே. ஐயா எனக்கும் வாசிச்சுக் காட்டினவர்."

"ஓம்."

"அப்ப அது நல்லதோ, இது நல்லதோ?"

பிள்ளைகளுக்கு முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த மனிதர். நேரான கேள்வி கேட்டார். இது நல்லது, அது கூடாது என்று நேராகப் பதில் சொல்லியிருக்கவேண்டும். தங்கச்சிக்கு ஆவணியில் நாள் வைத்திருந்தது. மாப்பிள்ளை கப்பலுக்கு இடம் எடுத்துவிட்டான். பெரியப்பா இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்தார். நான் இங்கே சொல்வது பின்னேரத்துக்குள் அங்கே போகும்.

"இரண்டும் நல்லதுதான்," என்றேன்.

சட்டம்பியார் கதவுப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விளங்குது தம்பி," என்றார். "குமர்ப்பிள்ளை கேட்டுக்கொண்டு நிக்குது எண்டு மனம் நோகாமல் சொல்லுறீர். நல்ல குணம் உமக்கு."

கல் நல்லது என்று நான் சொன்ன ஒரே ஒரு உண்மையை அவர் என் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார். இல்லையென்று சொல்ல எனக்கு வழியிருக்கவில்லை. கல்லைப் பொட்டலத்தில் வைத்து மடித்தார். "மங்கல் கல்லை முதன்முதலாய் வீட்டுக்குள்ளை எடுத்தால் பிறகு விளங்காது. நான் மாமனுக்குச் சொல்லி அனுப்புறன்," என்று எழும்பினார்.

படலையடியில்

நான் படலையைச் சாத்திவிட்டுத் திரும்ப, "அண்ணை, ஒருக்கா நில்லுங்கோ," என்று குரல் கேட்டது.

புவனம் வேலிக்கு உள்பக்கம் நின்றாள். இருபத்துமூன்று வயதிருக்கும். அழுதிருக்கவில்லை. வந்த வேலையைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"கல்லு நல்லதெண்டு சொன்னனீங்கள். அது மெய்யோ, இல்லாட்டி ஐயா சொன்ன மாதிரியோ?"

"மெய்தான் பிள்ளை. நான் தொட்ட கல்லுகளுக்குள்ளை உது மாதிரி ஒண்டில்லை."

"அவர் எழுதினவர். பெரிசாய் ஒண்டு வாங்குற காசுக்குச் சின்னனாய், திறமாய் ஒண்டு தேடி ஆறு மாசம் கடை கடையாய்த் திரிஞ்சவராம்."

"கடிதம் போட்டவரோ?"

"எனக்கில்லை, தன்ரை தமக்கைக்கு. அவ வாசிச்சுக் காட்டினவ." முகம் கொஞ்சம் சிவந்தது. அவளுக்கு அவன் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. "அப்ப எழுத்து ஏன் தெரியேல்லை?"

"நல்ல வெட்டிலை தெரியாது."

அவள் யோசித்தாள். "தையலக்காவின்ரையிலை தெரிஞ்சுதே."

அவள் சட்டம்பியாரின் மகள், கணக்கு அவளுக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. என் முகத்தை அவள் பார்த்த பார்வையை நான் இன்னொருத்தரிடம் பார்க்க விரும்பமாட்டேன்.

"ஆவணியிலை கலியாணம், பிள்ளை," என்றேன். கெஞ்சிய மாதிரித்தான் சொல்லியிருப்பேன். "முப்பது வயசாகுது அவளுக்கு."

காற்றில் படலை ஆடியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லமாட்டன் அண்ணை," என்றாள் கடைசியில். "நான் சொன்னாலும் ஐயா நம்பமாட்டார். பெடியன்ரை பக்கம் கதைக்கிறன் எண்டு அடிப்பார். நீங்கள் சொன்னால்தான் நம்புவார். வெள்ளிக்கிழமை மட்டும் நாள் இருக்கு. யோசிச்சுப் பாருங்கோ."

உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை

அது செவ்வாய்க்கிழமை. புதனும் வியாழனும் நான் தோட்டத்துக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லிப் படுத்தேன். தங்கச்சி மல்லித் தண்ணி அவித்துக்கொண்டுவந்து தந்தாள். அவள் கையால் அதை வாங்கிக் குடித்துக்கொண்டே, சட்டம்பியார் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சட்டம்பியார், ஒரு பிழை நடந்துபோச்சு. அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

அவரைத் தனியக் கூப்பிட்டு, ஒருத்தருக்கும் சொல்லாதேயுங்கோ என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். நல்ல மனிதர், கேட்டிருப்பார். இந்த யோசனை எனக்கு அப்போதே வந்தது. பிறகு வந்ததென்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. அப்போதே வந்தது, பயமாக இருந்தது, விட்டுவிட்டேன். தங்கச்சிக்காகப் பயந்தது பாதி. மற்றப் பாதி, செல்லையாவே பொய் சொன்னவன் என்று ஊர் சொல்லுமே என்ற பயம்.

வியாழன் பின்னேரம் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த ஒழுங்கை முகப்புவரை போனேன். புவனம் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டு விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். நான் நேரே போகிறவன் மாதிரி நடந்து, தெருவைச் சுற்றி வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கோச்சி சுன்னாகத்தில் நின்று போனது. பொட்டலமும் போனது.

ஆவணியில் தங்கச்சியின் கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ராசநாயகம் இரண்டு வருடம் பொறுத்து வேறிடத்தில் கட்டினான். புவனத்துக்கு வேறு இரண்டு பேச்சு வந்ததாகக் கேள்வி, அவள் சம்மதிக்கவில்லை. பிறகு சட்டம்பியாரும் படுக்கையில் விழுந்தார். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாள்.

கல் பார்ப்பதை நான் விட்டேன். கண் பழுது என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

சந்தைக்குப் போன வழி

யுத்தம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் தங்கச்சி புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஊருக்கு வந்தாள். மலாயாவில் பட்ட கஷ்டத்தில் அரைவாசியாகியிருந்தாள். நகையெல்லாம் அரிசிக்கும் மருந்துக்கும் போய்விட்டது. அந்த மோதிரத்தை மட்டும் பாவாடை மடிப்பில் தைத்து வைத்துக் காப்பாற்றினேன் என்று வந்த அன்றே காட்டினாள்.

ஒரு நாள் அவளும் நானும் மருதனார்மடம் சந்தைக்கு நடந்துபோனோம். எதிரே புவனம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் விட்ட நேரம்.

"அக்கா, எப்ப வந்தனீங்கள்? மெலிஞ்சுபோனியள்," என்று தங்கச்சியின் கையைப் பிடித்தாள். பிள்ளைகளை விசாரித்தாள். யப்பான்காரன் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். பேச்சுக்கு நடுவில் தான் பிடித்திருந்த கையைக் குனிந்து பார்த்தாள். கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"வடிவாயிருக்கு, அக்கா," என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "சுகமோ அண்ணை," என்றாள். சுகம் என்றேன். போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கச்சி அவள் போவதை நின்று பார்த்தாள். "பாவம் அவள்," என்றாள். "எவ்வளவு நல்ல பிள்ளை. அந்தப் பெடியன் அனுப்பின கல்லு மங்கலாய்ப் போனபடியாலை அவளின்ரை வாழ்க்கை இப்பிடிப் போச்சு. எனக்கு நீங்கள் பாத்து நல்ல கல்லெண்டு சொன்னதாலை நான் தப்பினன். என்ன அண்ணை?"

"ஓம்," என்றேன்.